சுத்தமான பாட்டு

ஜாஸ் என்ற சொல்லை வாரிசு முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் சொன்னார்.

ஒலிப்பதிவுக் கூடத்தில் எல்லோரும் அவரை வாரிசு என்றே அழைத்தார்கள். நாடே முணுமுணுக்கும் ஒரு பாட்டுக்கு இசையமைத்தவர் அவருடைய அப்பா. அதே பாட்டைத் தன் குழுவோடு ஜாஸ் பாணியில் வாசித்து வெளியிட அனுமதி கேட்டு எதிரே உட்கார்ந்திருந்தாள் ட்ரம்பெட்காரி. ஒரு வருட உழைப்பு அவருடைய ஒற்றைக் கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்தது.

கையெழுத்துப் போடாமல் அவர் வகுப்பெடுத்தார். தோன்றியதையெல்லாம் ஊதுவதற்குப் பெயர் இசையா, தெருவில் ஹாரன் அடிப்பவனும் அதைத்தானே செய்கிறான் என்றார். அப்பாவின் பாட்டு சொந்த மண்ணில் முளைத்ததாம். அதன் ஆரம்ப இசை முழுக்க அப்பா கைப்பட எழுதியதாம். ஒரு வரி பாடச் சொன்னால் வாரிசின் சுருதி பக்கத்துத் தெருவில் நிற்கும். வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை.

அசல் நாடாவைக் கேட்டால்தான் இவளுக்கு உறைக்கும் என்று ஒலிப்பதிவாளருக்குக் கை காட்டினார்.

ஒலிப்பதிவாளர் கொஞ்சம் அதிகமாகவே பின்னால் ஓட்டிவிட்டார். பாட்டுக்கு முன்னால் ஓர் இருமல், நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு அப்பாவின் குரல்.

"நான் எழுதினது சரியா வரல, விட்டுடு. ஹோட்டல்ல ஜாஸ் வாசிப்பியே, அந்த மாதிரி உனக்குத் தோணுறதை ஊது."

ஒரு சாக்ஸபோன் ஒலிக்கத் தொடங்கியது. நாடே முணுமுணுக்கும் அதே ஆரம்ப இசை.

வாரிசு எட்டிப் பொத்தானை அழுத்தி நிறுத்தினார். முகத்தில் அசடு வழிந்தது. தாளை இழுத்து அவசரமாகக் கையெழுத்துப் போட்டார். எப்படி வேண்டுமானாலும் வாசித்துக்கொள், இந்த நாடாவைப் பற்றி மட்டும் வெளியே மூச்சு விடாதே என்றார்.

அவள் தாளை எடுக்கவில்லை.

"ஊதினவர் பேரு என்ன சார்? அதையும் போடணும்."

யாரோ கூலிக்கு வந்த ஆள், அந்தக் காலத்தில் பேரையெல்லாம் யார் எழுதி வைத்தார்கள் என்று வாரிசு தோளைக் குலுக்கினார்.

வெட்கங்கெட்ட பொய். அப்பா ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போன நாட்களில் இவரைப் பள்ளிக்கூடத்துக்குக் கைபிடித்து அழைத்துப் போனதும், காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்தில் கண்விழித்ததும் அந்தக் கூலி ஆள்தான். அவரை இவர் ஒரு நாளும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. சித்தப்பா என்றுதான் கூப்பிடுவார்.