குறை இல்லாத முகம்

“புருவத்துல இருந்த தழும்பு எங்கங்க?”

“அழிச்சுட்டேன்மா. பொண்ணு வீட்டுக்காரங்க கண்ணு முதல்ல அதுலதான்...”

“மச்சத்தையும் காணோமே!”

“இப்ப இந்த முகத்துல ஒரு குறை சொல்லுங்க பார்ப்போம்!”

ஸ்டுடியோக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. காலையிலிருந்து கண் வலிக்கக் கம்ப்யூட்டரில் போட்டோவைத் துடைத்துத் துடைத்து, பையனை மாப்பிள்ளையாகவே ஆக்கி வைத்திருந்தார்.

“குறை இல்லைங்க. ஆனா முழுசாவும் இல்ல. எனக்கு என் புள்ள முழுசா வேணும்.”

“கல்யாணத்துக்கு இது போதும்மா.”

“யாருக்குக் கல்யாணம்?” அந்த அம்மாள் படத்திலிருந்த புருவத்தை விரலால் தடவித் தேடினாள். “வீட்டை விட்டுப் போனவன் இன்னும் திரும்பலைங்க. வாசக்கதவைத் தாழ் போடாமத்தான் படுக்கிறேன். ‘காணவில்லை’ன்னு தெருத்தெருவா ஒட்டப்போறேன். இந்த முகத்தைப் பார்த்தவங்க, அவனே எதிர்ல வந்து நின்னாலும் எப்படிங்க அடையாளம் கண்டுபிடிப்பாங்க?”