மாதம் ஒரு டப்பா

"யோவ்! நீ எதுக்குய்யா இங்க வந்தே?"

ஆஸ்பத்திரி பரிசோதனைக் கூடத்தில், பெரிய ஃப்ரீசரின் கம்ப்ரசரைச் சரிசெய்துவிட்டுப் பின்மூடியை மாட்டிக்கொண்டிருந்த மெக்கானிக், கையில் திருப்புளியோடு விருட்டென்று எழுந்தான்.

வாசலில் நின்றவர் அவனுடைய அக்கா புருஷன். லாரி டிரைவர். கையில் மூடி போட்ட வெள்ளை டப்பா.

"ஒரு வேலையா வந்தேன் மாப்ளே..."

"மாப்ளேன்னு கூப்பிட்டே, பல்லைத் தட்டிடுவேன்."

மூன்று வருஷமாக இவர்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. அக்காவுக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்த அன்றைக்கு அப்பா செருப்பைக் கழற்றினார். அம்மா வாய்க்கு வந்தபடி சபித்தாள். இவன் தன் பங்குக்கு மாமாவின் சட்டையைக் கிழித்தான். ஊர் ஊராக லாரி ஓட்டுகிற ஆள். வேறு யார் கொண்டுவந்திருக்க முடியும்?

டிரைவர் ஒரு வார்த்தைகூட மறுத்துப் பேசவில்லை. 'கல்லுளிமங்கன், நிக்கிறான் பாரு' என்று அதற்கும் சேர்த்து இரண்டு அடி விழுந்தது.

இப்போது சத்தம் கேட்டு, உறை மாட்டிய கைகளோடு லேப் டெக்னீஷியன் அம்மாள் உள்ளேயிருந்து வந்தார்.

"என்ன இங்க கூச்சல்?"

"ஒண்ணுமில்ல மேடம். இந்தாளு டப்பாவுல என்ன கொண்டாந்திருக்கான்?"

"அது உங்களுக்குத் தேவையில்லாத விஷயம்."

அவன் கேட்டால்தானே? வெடுக்கென்று பிடுங்கி மூடியைத் திறந்தான். அடுத்த நொடி மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"த்தூ! கக்கூஸ் போனதையா டப்பாவுல போட்டுத் தூக்கிட்டு வர்றே? வீட்டுக்கு நோயைக் கொண்டாந்தே. ஆஸ்பத்திரிக்கு இதைக் கொண்டாந்திருக்கே. உன் தகுதிக்கு ஏத்த சுமைதான்யா!"

டிரைவர் டப்பாவைத் திரும்ப வாங்கக் கை நீட்டினார்.

அதற்குள் டெக்னீஷியன் டப்பாவை வாங்கி, மூடியை இறுக்கினார். "இதுல அசிங்கப்பட என்ன இருக்கு? இது ஆராய்ச்சிக்கு. மாசா மாசம் வேலையை விட்டுட்டு வந்து குடுத்துட்டுப் போறார். எல்லாரும் இப்படி வருவாங்களா?"

"இதுல என்ன மேடம் ஆராய்ச்சி?"

"நம்ம குடல்ல கோடிக்கணக்குல பாக்டீரியா இருக்கு. அதுல சில வகை கூடுதலா இருந்தா, உடம்புல சில செல்கள் எப்பவும் உசுப்பிவிட்ட மாதிரியே இருக்குமாம். அப்படிப்பட்ட செல்லுக்குள்ள எச்.ஐ.வி. சுலபமா புகுந்துடும். ஒருத்தருக்குச் சீக்கிரம் தொத்துது, இன்னொருத்தருக்குத் தொத்தல. அதுக்குக் குடலும் ஒரு காரணமா இருக்கலாம். இன்னும் உறுதியாத் தெரியல. அதைத்தான் தேடிட்டு இருக்கோம்."

மெக்கானிக் சிரித்தான். நல்ல சிரிப்பில்லை.

"ஓஹோ! அப்ப இவனுக்கு நோய் ஒட்டினதுக்கு வயித்துல இருக்கிற பூச்சிதான் காரணம். கண்ட இடத்துல லாரியை நிறுத்திட்டு இவன் ஆடின ஆட்டம் காரணமில்ல. இவனுக்கு வக்காலத்து வாங்கறதுக்கு ஒரு ஆராய்ச்சி, அதுக்கு ஒரு ஃப்ரீசர், அதை ரிப்பேர் பண்ண நான் ஒரு கேனையன்!"

"வார்த்தையை அளந்து பேசுங்க."

"என்னத்த அளக்கறது? என் அக்கா வாழ்க்கையை நாசம் பண்ணினவன் மேடம் இவன்! அவ தினமும் மாத்திரையை முழுங்கிட்டுக் கிடக்கா, இவன் குத்துக்கல்லாட்டம் நிக்கிறான்!"

டெக்னீஷியனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"யாரைப் பாத்து என்ன பேசறீங்க? எச்.ஐ.வி. இருக்கிறவங்களை இதுல சேர்க்கவே மாட்டோம்! அவங்களோட வருஷக்கணக்குல குடும்பம் நடத்தியும் தொத்தாம இருக்கிறவங்களைத்தான் சேர்த்திருக்கோம்!"

சொன்ன மறுநொடி நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆய்வுக்கு வருகிறவர்களின் விவரத்தை வெளியே விடுவது, வேலைக்கே உலை வைக்கிற தப்பு.

"மேடம்..." என்று தலையில் கைவைத்த டிரைவர், நிற்காமல் வெளியேறினார்.

மெக்கானிக்குக்கு ஒன்றும் ஓடவில்லை. பிறகு படிக்கட்டில் தடதடவென்று இறங்கி, பாதி வழியில் அவரைப் பிடித்தான்.

"நில்லு மாமா!"

மூன்று வருஷம் கழித்து அந்த 'மாமா' வந்தது.

"உனக்கு இல்லையா? நிஜமாவே இல்லையா?"

டிரைவர் அடுத்த படியில் இறங்கப் பார்த்தார்.

"அப்பா செருப்பால அடிச்சாரே, அப்பக்கூட வாயைத் திறக்கலையே நீ! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

அவர் கையைப் பிடித்துக்கொண்டான். ஆனால் அதே நேரம் இன்னொன்றும் அவனுக்கு உறைத்தது. பிடித்த கையை மெல்ல விட்டான். முகம் மறுபடி கடுகடுத்தது.

"அப்படின்னா... அக்காவுக்கு எப்படி வந்துச்சு? யாரு அவன்?"

அதுவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத மனிதர், அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரோடு அழுத்தினார்.

"இந்தக் கேள்வியை எவனும் அவகிட்ட கேட்டுடக் கூடாதுன்னுதான்டா, இத்தனை நாளா உங்க எல்லார்கிட்டயும் செருப்படி வாங்கிட்டு நிக்கிறேன்!"