ஒரே வரி பதில்

“சுத்தப் பொய் சார்! பெரிய மனுஷர்னு நம்பினேன் பாருங்க,” என்று மேலதிகாரியிடம் பொரிந்து தள்ளினாள் அவள்.

கணினி தூங்கும்போது அதிலுள்ள நெட்வொர்க் கார்டும் தூங்க வேண்டும், விழித்தால் கூடவே விழிக்க வேண்டும். கார்டை இயக்கும் நிரலுக்கு டிரைவர் என்று பெயர். பழைய டிரைவர்களில் இந்த ஏற்பாட்டைப் புது முறைக்கு மாற்றி எழுதுவது அவள் வேலை. ஆபீசில் அவளுக்குத் ‘தூக்கக்காரி’ என்றே பெயர்.

அவற்றில் ஒரு டிரைவருக்கான கார்டு, அந்த டிரைவரை எழுதிய பெரியவர் ஒருவரிடம்தான் மிச்சமிருந்தது; அவர்தான் சோதித்துச் சொல்ல வேண்டும். மாற்றம் எதை அனுப்பினாலும் முன்பெல்லாம் பக்கம் பக்கமாகத் திட்டி மெயில் எழுதுவார். சில வருஷங்களாக ஒரே வரிதான்: ‘சோதித்தேன், நன்றாக வேலை செய்கிறது.’ திட்டு நின்றுபோனதில் அவளுக்கு உள்ளூர வருத்தம்.

இந்த முறை கார்டை எழுப்பும் வரியையே எழுத மறந்திருந்தாள். அனுப்பிய பிறகுதான் கண்ணில் பட்டது. அதற்குள் அதே பதில் வந்துவிட்டது.

“சோதிக்க ஆள் இல்லாத டிரைவரை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? வெள்ளிக்கிழமை அழிச்சிடு,” என்றார் மேலதிகாரி.

அவளுக்கு மனசு கேட்கவில்லை. பெரியவர் ஒருமுறை ஒழுங்காகச் சோதித்துச் சொன்னால் டிரைவர் பிழைத்துவிடும். அதன் முதல் வரிகளிலேயே அவருடைய வீட்டு முகவரி இருந்தது. பஸ் ஏறிவிட்டாள்.

கதவைத் திறந்தது அவர் மனைவி. மேஜையில் பழைய கணினி உறை போட்டு மூடியிருந்தது, மின்கம்பி சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் தலைக்கேறியது.

“தொட்டுக்கூடப் பார்க்காம நல்லா இருக்குன்னு எழுதியிருக்காரும்மா. அவரைக் கூப்பிடுங்க, நேர்லயே கேட்டுடறேன்.”

அந்த அம்மாள் கணினி உறையின் ஓரத்தைச் சரிசெய்தார். “சோதிக்க ஆள் இல்லேன்னா அழிச்சிடுவீங்களாமே? அவர் எழுதினதுல இன்னும் இருக்கறது அது ஒண்ணுதாம்மா.”

“அந்த அக்கறை அவருக்கு இருக்க வேண்டாமா? ஏன் பொய் சொல்றாரு?”

“அவரை ஒண்ணும் சொல்லாதேம்மா. அவர் போய் மூணு வருஷமாச்சு. பதிலெல்லாம் நான் போட்டது.”