தலைசுற்றல்

"உயரம்னா தலை சுத்தும்னு தெரியறதோல்லியோ? அப்புறம் எதுக்குப்பா பூஜா லீவுல டார்ஜிலிங் வந்தே? கொல்கத்தாவிலேயே பந்தல் பந்தலாச் சுத்தியிருக்கலாமே!"

டூரின் இரண்டாம் நாள் மஹாதேவன் இப்படிக் கேட்டதும் வேனில் எல்லோரும் சிரித்தார்கள். தமிழரசனும் சிரித்தான்.

"டிக்கெட் போட்டாச்சு சார். நீங்க மேல போய்ப் பாத்துட்டு வாங்க. நான் வண்டிகிட்டயே இருக்கேன்."

தமிழ்ச் சங்கத்து ஆட்கள் சேர்ந்து வந்த டூர் அது. மஹாதேவன் பேங்கில் பெரிய ஆபீசராக இருந்து ரிடையர் ஆனவர். தன் பேங்க் கதைகளைச் சொல்லவே நேரம் போதாததால், அடுத்தவர் என்ன வேலை என்று அவர் யாரையும் கேட்டதில்லை. எந்த வியூ பாயிண்ட் வந்தாலும் முதல் ஆளாக இறங்கிவிடுவார்.

அவர் மனைவி காமுவால் அது முடியாது. முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு இதுதான் அவளுக்கு முதல் வெளியூர்ப் பயணம். முதல் நாள் பூந்தோட்டத்தில் படிக்கட்டைப் பார்த்ததுமே மலைத்துவிட்டாள். எல்லோரும் ஆர்க்கிட் பூக்களைப் பார்த்துவிட்டு வரும்வரை வேனில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

அன்று சாப்பிடும்போது சொன்னாள்: "நாளைலேர்ந்து நான் ரூம்லயே இருந்துடறேன். என்னால யாருக்கும் சிரமம் வேண்டாம்."

"அதுவும் நல்லதுதான்," என்றார் மஹாதேவன், சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டே.

மறுநாள் காலை, எல்லோரும் கிளம்பும் நேரத்தில் தமிழரசன் தயங்கித் தயங்கி அவளிடம் வந்தான்.

"மாமி, சொல்லவே வெக்கமா இருக்கு. எனக்கு உயரம்னா தலை சுத்தும். வண்டிகிட்ட தனியா இருக்கவும் ஒரு மாதிரி இருக்கு. நீங்க துணைக்கு வந்தீங்கன்னா..."

"அதுக்கென்ன, வரேன். பயப்படாதே!" காமு உடனே செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அதன் பிறகு ரூமில் இருக்கும் பேச்சே எழவில்லை. மற்றவர்கள் மேலே ஏறியதும் இருவரும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினார்கள். கஞ்சன்ஜங்கா அங்கிருந்தே பளிச்சென்று தெரிந்தது.

"அந்தப் பக்கம் பள்ளம். நீ பாக்காதே," என்று காமு அவனை இழுத்துத் தன் பக்கம் உட்கார வைத்தாள்.

இறங்கி வரும் மஹாதேவன் ஒவ்வொரு முறையும் கேட்பார்: "என்ன தம்பி, தலை நின்னுதா, இன்னும் சுத்திண்டுதான் இருக்கா?"

டூர் முடிந்து சியால்டா ஸ்டேஷனில் இறங்கியபோது, தமிழரசனை அழைத்துப்போக அவன் நண்பன் ஜெயபிரகாஷ் வந்திருந்தான். மஹாதேவன் அங்கேயும் விடவில்லை.

"அடுத்த தடவை இவரை திகா பீச்சுக்குக் கூட்டிண்டு போங்கோ. அங்கேதான் ஏற ஒண்ணும் கிடையாது. ஒரு வியூ பாயிண்ட் பாக்கலை, தலை சுத்தறதாம்!"

ஜெயபிரகாஷ் விழித்தான். "தலை சுத்துதா? இவனுக்கா? கிடர்பூர் துறைமுகத்துல க்ரேன் ஓட்டறவன் சார் இவன். நாள் பூரா அஞ்சு மாடி உயரத்துலதான் உட்கார்ந்திருப்பான்."

தமிழரசன் அவசரமாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு டாக்ஸியைப் பார்த்து நடந்தான்.

மஹாதேவனுக்கு முகம் சிவந்துவிட்டது. "பாத்தியா காமு? இத்தனை நாளா வாய் கூசாமப் பொய் சொல்லியிருக்கான்!"

காமு போகிறவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"ஆமா. அந்தப் பொய்யை நீங்க சொல்லியிருக்கலாம்."