பாறைக்கு ஒரு பெயர்

கேப்டன் நுழைந்த வேகத்தில் கடல் வரைபட அலுவலகத்தின் கதவு சுவரில் போய் மோதியது.

"புதுசா ஒரு பாறை கண்டுபிடிச்சிருக்கேன். கண்டுபிடிச்ச கப்பலோட பேரைத்தானே வைப்பீங்க? எழுதுங்க!"

வரைபடங்களைத் திருத்தும் குமாஸ்தாவுக்கு, மார்தட்டிக்கொண்டு வருபவர்களைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். கேப்டனின் ஈர ஷூவுக்கடியில் பழைய செய்தித்தாள் ஒன்றைத் தள்ளிவிட்டு, "எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?" என்றார்.

"எப்படியோ! கண்டுபிடிச்சேன்ல?"

கேப்டன் தன் வரைபடத்தை விரித்து, வட்டமான டீக்கறை ஒன்றின் நடுவே விரலை வைத்தார். "இதோ, இங்கே. நீங்க போட்டுக் குடுத்த படத்துல ஒண்ணுமே இல்ல!"

குமாஸ்தா அலுவலகப் படத்தை எடுத்துப் போட்டார். அதே இடத்தில் பாறைக்குறி பளிச்சென்று இருந்தது. பக்கத்தில் பெயரும் இருந்தது.

"இருபது வருஷமா இருக்கு சார். உங்க டீ டம்ளர்தான் அது மேல உட்கார்ந்திருக்கு."

கேப்டனின் முகம் தொங்கிப்போனது. "அப்போ என் கப்பல் பேரு படத்துல வரவே வராதா?"

"யாரு சொன்னா? கண்டிப்பா வரும்." குமாஸ்தா பேனாவைத் திறந்தார். "மூழ்கின கப்பலுக்கும் குறி போட்டு, பக்கத்துலயே பேரு எழுதுவோம். எவ்வளவு ஆழத்துல கிடக்குன்னு மட்டும் சொல்லுங்க."