ஜன்னலோரக் கட்டிலுக்கு ஒரு ஜெபம்

கழிவறைக் கண்ணாடி முன்னால் நின்று ஜோதிலட்சுமி தலையில் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டிருந்தாள். பைக்குள்ளிருந்து சிவப்புக் கண்ணாடி வளையல்களை எடுத்து இரண்டு கையிலும் நிறைய மாட்டினாள். ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிட்டு, தள்ளி நின்று சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள்.

வாசலில் நின்றிருந்த ஏஞ்சலின் முகத்தைச் சுளித்தாள். பெற்ற மகள் தொடையெலும்பு முறிந்து, காலில் எடை கட்டிக் கிடக்கிறாள். இவளுக்கு இப்படியொரு சிங்காரம். தினமும் இங்கே வந்துதான் அலங்காரம் செய்துகொள்கிறாள் என்று நர்சுகள் பேசிக்கொண்டது பொய்யில்லை போல.

திருவள்ளூரில் இருந்த அந்தக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ஏஞ்சலினுக்கு ஊசி, மருந்து வேலை எதுவும் கிடையாது. படுத்திருக்கும் பிள்ளைகளோடும் பெற்றவர்களோடும் உட்கார்ந்து பேசுவாள். கேட்டால், அவரவர் சாமியை அவரவர் வழியில் கூட இருந்து வேண்டிக்கொள்வாள். வார்டில் அவளுக்கு ‘ப்ரேயர் சிஸ்டர்’ என்று பெயர்.

ஜோதிலட்சுமி கண்ணாடியிலேயே அவளைப் பார்த்துவிட்டாள்.

“இன்னா சிஸ்டர், இவ இப்படி மினுக்கிக்கினு வர்றாளேன்னு பாக்கறீங்களா?”

ஏஞ்சலின் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

“எங்க ஊட்டுக்காரரு போய்ட்டாரு சிஸ்டர். பாப்பாவ ஸ்கூல்ல வுடப் போறப்போ வண்டிய லாரி இடிச்சிதுல்ல, அந்த எடத்துலயே முடிஞ்சி போச்சி. காரியமும் பண்ணி, பூவு பொட்டு எல்லாம் எடுத்தாச்சு. ஊத்துக்கோட்டைல வெறும் நெத்தியோட பஸ் ஏறிக்கினு வரேன். இங்க வந்து வச்சிக்கறேன்.”

ஜோதிலட்சுமி ஏஞ்சலினின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பா மெட்ராஸ்ல ஐசியூல இருக்காருன்னு பாப்பாகிட்ட சொல்லி வச்சிருக்கேன். கட்டிப் போட்ட கால வச்சிக்கினு பொரண்டு படுத்துக்கூட அழ முடியாது அது. உங்ககிட்டதான் நெறைய பேசுது. சொல்ல மாட்டேன்னு அவ பேர்ல சத்தியம் பண்ணுங்க.”

ஏஞ்சலின் தயங்கினாள். ஜோதிலட்சுமி சத்தியத்தை வாங்கிக்கொண்டுதான் அவள் கையை விட்டாள்.

மகள் தேஜஸ்விக்குப் பத்து வயசு. ஜன்னலோரக் கட்டிலில், கூரையைப் பார்த்தபடியே கிடப்பாள். ஜோதிலட்சுமி பக்கத்தில் உட்கார்ந்து, மறுமுனையில் யாருமில்லாத போனில் பேசுவாள். “டாக்டர், இன்னிக்கு அவரு கண்ணு முழிச்சாரா? கஞ்சி குடிச்சாரா?” தேஜஸ்வி அதைக் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒரு காலையில் ஏஞ்சலின் வந்ததும் தேஜஸ்வி, “சிஸ்டர், அப்பாவுக்கு ப்ரேயர் பண்ணுங்க” என்றாள்.

கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஜோதிலட்சுமி கண் இமைக்காமல் பார்த்தாள்.

“என்னன்னு வேண்டிக்கட்டும்மா?”

“எங்க இருந்தாலும் வலியில்லாம இருக்கணும்னு. அவ்ளோதான்.”

சிறுவாபுரி முருகன் விபூதியைப் பிள்ளையின் நெற்றியில் பூசிவிட்டு ஏஞ்சலின் கண்ணை மூடினாள். “சாமி, தேஜுவோட அப்பாவ நல்லபடியா பாத்துக்கோ.” பொய் கலக்காத ஒரு வார்த்தை கிடைத்துவிட்டது என்று மூச்சு விடுவதற்குள், ஜோதிலட்சுமியின் விரல்கள் அவள் மணிக்கட்டை அழுத்தின.

“அவரக் குணமாக்கி... சீக்கிரமா வீட்டுக்கு அனுப்பி வை.”

என்று ஏஞ்சலின் சேர்த்துச் சொன்னாள். மனிதர்களிடம் ஆறுதலுக்காக எத்தனையோ மாற்றிச் சொல்லியிருக்கிறாள். கடவுளிடம் இதுவரை பொய் சொன்னதில்லை. தேஜஸ்வி அம்மாவைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

வராந்தாவுக்கு வந்ததும் ஏஞ்சலின் கெஞ்சினாள். “சொல்லிடுங்கக்கா. நாளைக்கு வீட்டுக்குப் போனா மாலை போட்ட போட்டோவப் பாக்காதா?”

“அத்த அப்போ பாத்துக்கலாம். நான் ஒடைஞ்சி உக்காந்துட்டா பாப்பாவ யாரு சிஸ்டர் தூக்கறது?”

ஏஞ்சலின் வேறு வார்டு கேட்டுப் பார்த்தாள். “அந்தப் பொண்ணு காலைலேருந்து உங்களத்தானே கேக்குது” என்று தலைமை நர்ஸ் அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஒரு பக்கம் சத்தியம், ஒரு பக்கம் பிள்ளையின் முகம். நடுவில் தினமும் அதே ஜெபம். எலும்பு வார்டின் கதவைத் தள்ளுமுன் அவள் ஒருமுறை நின்றுவிட்டுத்தான் உள்ளே போனாள்.

பிறகு ஒரு மத்தியானம், தேஜஸ்வி இளநீர் வேண்டும் என்று அடம் பிடித்தாள். எதற்கும் அடம் பிடிக்காத பிள்ளை. ஜோதிலட்சுமி சிரித்துக்கொண்டே பையை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே போனாள்.

அம்மாவின் செருப்புச் சத்தம் படிக்கட்டில் தேய்ந்து மறையும் வரை தேஜஸ்வி காத்திருந்தாள்.

“சிஸ்டர், கிட்ட வாங்க. ஒண்ணு கேக்கணும்.”

இதோ, கேட்கப் போகிறாள். உண்மையைச் சொன்னால் சத்தியம் போயிற்று, இன்னொரு பொய் சொல்ல ஏஞ்சலினிடம் தெம்பில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

“அப்பாவப் பத்தியாம்மா?”

“இல்ல. அம்மாவப் பத்தி.”

தேஜஸ்வி கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அம்மா வந்ததும் நான் தூங்கற மாதிரி கண்ண மூடிக்கறேன், அப்பாவ நெனச்சி அவங்கள நல்லா அழச் சொல்லுங்க சிஸ்டர்.”