கச்சிதமான சட்டை

டெய்லரின் மச்சினன் புதுச் சட்டையோடு கடைக்கு வந்து கண்ணாடி முன் நின்றான்.

"பாத்தீங்களா மாமா? ஆன்லைன்ல அளவு கொடுத்துத் தைச்சது. நீங்க தைச்சதுல ஒண்ணாவது இப்படி உக்காந்திருக்கா?"

டெய்லர் தோள்பட்டைத் தையலைத் தடவிப் பார்த்தார்.

"பிரமாதம் மாப்ள. வயித்துக்கு என்ன அளவு கொடுத்தே?"

"முப்பத்தாறு. நீங்கதான் எப்பவும் நாப்பத்திரண்டுன்னு மானத்தை வாங்குவீங்க. இப்ப யாரு சொன்னது சரி?"

"நீ சொன்னதுதான்."

"இனிமே எனக்கு எல்லாச் சட்டையும் அங்கதான்!"

அவன் தலை மறைந்ததும், காஜா எடுத்துக்கொண்டிருந்த அவன் அக்கா பொரிந்து தள்ளினாள்.

"அந்தக் கம்பெனிக்குத் தைச்சுக் கொடுக்கறதே நாமதான், முப்பத்தாறை அடிச்சிட்டு நாப்பத்திரண்டா வெட்டினது நீங்கதான்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா வர்ற ஆர்டர் போயிடும்டி."

சொல்லி வாய் மூடவில்லை, கம்பெனியிலிருந்து செல்போனில் புது ஆர்டர் வந்தது. டெய்லர் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"உன் தம்பிதான். இன்னும் நாலு சட்டை வேணுமாம். இந்தத் தடவை வயிறு முப்பத்துநாலாம்!"

"நாப்பத்துநாலா வெட்டுங்க" என்றாள் அவள். "போன வாரம் நம்ம வீட்டுல அவன் சாப்பிட்டதை நான்தானே பாத்தேன்!"